மீன்களும் ஔவையும்: தரங்கம்பாடி ஜான் ஐயர்

கடலூர் முதுநகரில் படகுகள் கரை சேரும் வேளையில் கூடைகளில் குவியும் மீன்களுள் கத்தாளையும் ஒன்று. வஞ்சிரம், வவ்வால் போல விலையில் உயர்ந்தது அன்று. எளிய வீடுகளின் குழம்புக்கும், எஞ்சியது கருவாட்டுக்கும் என்று அதன் வாழ்வு முடிந்துவிடும். நீருக்குள் காற்றுப்பையை அதிரச் செய்து உறுமும் இயல்பு அதற்கு உண்டு. ஆயினும் அது ஊர்ப்பேச்சில் பெருமை பெற்ற மீன் என்று சொல்வதற்கில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கரையில் நடத்திவரும் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலாயினும், உலகின் வேறெந்த அருங்காட்சியகத்திலாயினும், அக்கத்தாளையைப் பதப்படுத்தி வைத்து அதன் மேல் பெயர்ச்சீட்டு எழுத முற்படுவோர் பல வேளைகளில் எழுத நேர்வது ஜானியஸ் என்னும் சொல்லாகும். முப்பதுக்கும் மேற்பட்ட கத்தாளை வகைகள் இன்று அப்பேரினத்துள் அடங்கும். அச்சொல்லுள் பொதிந்து கிடப்பது ஒரு மனிதரின் பெயர். சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் கடந்து, சீர்காழிக்கும் அப்பால் கடலோரத்தில் அமைந்த தரங்கம்பாடியில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து அங்கேயே மறைந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் ஐயரே அவர்.

1747ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் செருமானிய நாட்டின் கிரைட்சு நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஜான் பிறந்தார். ஹாலே நகரத்து அறநிலையத்தார் அவரைத் தேர்ந்து தமிழகத்துக்கு அனுப்பினர். அவ்வறநிலையத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஆதரவற்ற சிறார்க்கு உணவும் கல்வியும் அளிப்பதற்கென்று பிராங்கே என்னும் பெரியார் தொடங்கிய அந்நிறுவனத்தில் 1698ஆம் ஆண்டிலிருந்தே இயற்கைப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் கூடம் ஒன்று இருந்தது. சங்கும் சிப்பியும், பாம்பும் மீனும், தொலைநாட்டு மக்களின் புழங்குபொருள்களும் அதன் பேழைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. படைப்பைக் கண்டு படைத்தவனை அறியலாம் என்பது அவர்தம் கொள்கை. எனவே ஹாலேயிலிருந்து புறப்பட்டவர்க்கு மறைநூலும் சங்கும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றவில்லை. பகை பின்னரே வந்தது.

1771ஆம் ஆண்டு சூன் திங்களில் ஜான் தரங்கம்பாடியில் கால் வைத்தபோது அவருக்கு அகவை இருபத்து நான்கு நிறையவில்லை. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தானியர் பெற்ற துறைமுகம் அது. 1706இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய ஊர். தமிழ் எழுத்துகள் அச்சேறிய ஊர். சுவடிகளைத் தேடித் தொகுக்கும் பழக்கம் இரண்டு தலைமுறையாக வேரூன்றியிருந்த ஊர். வந்தவர் தமிழ் கற்பதே முதற் கடமை. ஜானும் கற்றார். அவருடைய தமிழறிவு எத்தகையது என்பதை ஔவையார் நூல்களின் வழியே பின்னர்க் காண்போம்.

அவர் வருவதற்கு மூன்றாண்டு முன்பே, 1768இல், கோனிக் என்னும் மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசிடம் நேரே பாடங் கேட்டவர். ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்களாலான ஒரே பெயரை இலத்தீனில் வழங்குவது என்னும் லின்னேயசின் முறையை இந்திய மண்ணில் முதன்முதலாக விதைத்தவர் கோனிக்கே எனலாம். அவரைச் சுற்றி ஓர் இயற்கையறிஞர் வட்டம் தரங்கம்பாடியில் உருவாயிற்று. ஜான், 1776இல் வந்த இராட்லர், அவ்வூரிலேயே பிறந்து மருத்துவரான கிளைன் ஆகியோர் அதில் அடங்குவர். செடிகொடிகளை உலர்த்திப் பகிர்ந்துகொள்வதும், ஐயம் எழுந்தால் கூடி ஆராய்வதும் அவர்களின் வழக்கம். கோனிக் 1785இல் மறைந்த பின்னரும் அவ்வட்டம் கலையவில்லை. அவர்களுள் இராட்லர் தமிழுலகம் மறக்கலாகாத மற்றொருவர். முதுமையில் அவர் தொகுத்த தமிழ் ஆங்கில அகராதி 1834இல் வெளிவரத் தொடங்கியது. செடியைப் பெயரிட்டு அடுக்கிய கையே சொல்லையும் அடுக்கியது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இராட்லரும் கிளைனும் செடிகளின் பக்கம் மிகுதியும் சென்றனர். ஜான் உள்ளம் கடலையும் குளத்தையும் நாடியது. சோழமண்டலக் கரை அதற்கு ஏற்ற இடமன்றோ! காவிரி தன் கிளைகளைப் பிரித்துக் கடலுக்குள் விடும் நிலம். உப்பங்கழி, சேற்றுக்குட்டை, வாய்க்கால், ஏரி, ஆழ்கடல் எல்லாம் ஒரு நாள் நடையில் அடங்கும். ஆனால் திரட்டுவது எளிதாயினும் காப்பது எளிதன்று. பிடித்த மீன் அன்று மாலையே கெட்டுப்போகும் வெயில்; அதற்குத் தப்பினால் எறும்பும் கறையானும். அக்காலத்தார் மீனைச் சாராயத்தில் ஊறவிட்டுக் கலயங்களில் அடைத்தனர். அல்லது நெடுக்காகப் பிளந்து, ஒருபுறத்துத் தோலை மட்டும் உரித்து உலர்த்தித் தாளில் ஒட்டினர். பின்பு கப்பலேற்ற வேண்டும். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கோபனேகன் சேர்வதற்கு மாதங்கள் பல ஆகும். போர்க்காலமாயின் கப்பலே சேராது. 1781இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயர்க்கும் பெரும்போர் நடந்தது. 1782இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அவ்வூர் முற்றுகைக்கு உள்ளானது. கடலூரில் சமயப்பணி செய்துவந்த கெரிக்கே ஐயர் அவ்வூரை விட்டு அகல நேர்ந்ததும் அப்போர்க்காலத்தில்தான். அந்த ஆண்டுகளில் நடுநிலை நாட்டுக் கொடி பறந்த தரங்கம்பாடி மட்டுமே ஓரளவு மூச்சுவிட முடிந்தது.

ஜான் அனுப்பிய மீன்களுள் பெரும்பாலானவை பெர்லின் நகரத்தில் இருந்த மார்க்குஸ் எலீசர் புளோக் என்னும் யூத மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தன. புளோக் நடுவயது கடந்த பின்னரே மீனாராய்ச்சியில் புகுந்தவர். இந்தியக் கடலைக் கண்ணால் கண்டவரல்லர். அவர் 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு பகுதிகளாக, 432 வண்ண ஓவியங்களோடு வெளியிட்ட மீன் நூல் உலகப் புகழ் பெற்றது. அந்நூலின் இந்தியப் பக்கங்கள் ஜான் இல்லாவிடில் பெருமளவு வெறுமையாகியிருக்கும். நன்றியறிதலாகவே 1793இல் கத்தாளை இனத்துக்கு ஜானியஸ் என்று புளோக் பெயரிட்டார். செப்பிலி இன மீன் ஒன்றுக்கும் ஜானின் பெயர் அமைந்தது.

தமிழ் கற்றோர்க்கு இவற்றினும் இனிப்பதொரு செய்தி உண்டு. ஜான் மீனை மட்டும் அனுப்பவில்லை. அதன் தமிழ்ப் பெயரையும் எழுதி அனுப்பினார். செம்படவர் வாயில் வழங்கிய சொற்கள் செருமானிய எழுத்தில் ஏறி, சற்றே திரிந்து, அறிவியல் நூலுக்குள் புகுந்தன. கத்தாளையுள் ஒன்று ஜானியஸ் கருட்டா ஆயிற்று. அது கருத்த கத்தாளை என்னும் வழக்கின் எச்சம். விராலும் கொரவையும் புளோக் நூலில் தத்தம் ஊர்ப்பெயரோடு இடம்பெற்றன. பிரெஞ்சு அறிஞர் லாசெபேது 1801இல் அச்சொற்களையே எடுத்து அவ்விரு மீன்களுக்கும் அறிவியற் பெயராகச் சூட்டிவிட்டார். முந்திச் சூட்டிய பெயரே நிலைக்கும் என்பது அத்துறையின் விதி. புளோக் 1793இலேயே வேறு இலத்தீன் சொற்களை வைத்துவிட்டமையால் விராலும் கொரவையும் தோற்றன. ஆரல் வென்றது. புளோக் 1799இல் மறைந்த பின் அவருடைய எஞ்சிய குறிப்புகளைச் சினைடர் என்பார் 1801இல் நூலாக முடித்தார். தரங்கம்பாடியை அடுத்த நன்னீர் நிலைகளில் கிடைத்த ஆரலுக்கு அந்நூல் ஆரல் என்னும் பெயரையே வழங்கியது. இன்றும் மேக்ரோக்னாத்தஸ் ஆரல் என்பதே அம்மீனின் பெயர். சங்கச் சான்றோர் பாடலில் குருகுக்கு இரையாக வரும் ஆரல், ஒலி மாறாமல், பொருள் மாறாமல், பெர்லினிலும் பாரிசிலும் தோக்கியோவிலும் எழுதப்படுகிறது. தமிழ்ச்சொல் உலகளாவிய வழக்குப் பெற்றமைக்குக் கட்டுமரத்தையும் மிளகுதண்ணியையும் காட்டுவோர் ஆரலையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு குழப்பமும் நேர்ந்தது. ஐரோப்பியர் அந்நாளில் தமிழரையும் தமிழ்மொழியையும் மலபார் என்றே வழங்கினர். ஆதலால் காவிரிக் கரையில் பிடித்த விராலுக்கு ஊர் மலபார் என்று பதிவாயிற்று. மேற்குக்கரை மீனோ கீழ்க்கரை மீனோ என்று பிற்காலத்தார் இடர்ப்பட அது இடந்தந்தது. ஒரு மொழிக்கு வைத்த தவறான பெயர் ஒரு மீனின் ஊரையே மாற்றிவிட்டது!

பனையேறிக் கெண்டையின் கதை அக்காலத்து ஐரோப்பாவையே வியக்க வைத்தது. 1791 நவம்பரில் தரங்கம்பாடித் தானியப் படையைச் சேர்ந்த தால்டோர்பு என்னும் அலுவலர், குளக்கரைப் பனையொன்றின் பட்டைப் பிளவில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் இலண்டன் லின்னேயக் கழகத்தின் ஏட்டில் அது அச்சாயிற்று. ஜானும் அம்மீனைப் பற்றிப் பெர்லினுக்கு எழுதியிருந்தார். ஊரார் அதனைப் பனையேறி என்றே அழைப்பதையும் தெரிவித்தார். மீன் மரமேறுமா என்று நகைத்தவரும் உண்டு. நம்பிப் போற்றியவரும் உண்டு. செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நெடுந்தொலைவு நகர்வதும், தலைக்குள் அமைந்த தனியுறுப்பால் காற்றை உட்கொள்வதும் அம்மீனுக்கு இயல்பு என்பது பின்னர் உறுதியாயிற்று. உயர்ந்த மரங்களில் கிடைத்தவை காக்கையும் பருந்தும் தவறவிட்டவையாகலாம் என்பது இருபதாம் நூற்றாண்டு விலங்கியலார் கூறிய விளக்கம். எது எவ்வாறாயினும், தமிழ்நாட்டு உழவன் ஒரு மழைநாளில் கண்டு இட்ட பெயர் அறிஞர் அவைகளில் வழக்காடப்பட்டது என்பது உண்மை.

பாம்பொன்றும் ஜானின் பெயரைத் தாங்குகிறது. முகமும் வாலும் ஒன்றுபோல் மழுங்கியிருப்பதால் இருதலைமணியன் என்றும், மண்ணுக்குள் மறைந்து வாழ்வதால் மண்ணுளிப் பாம்பு என்றும் நம் மக்கள் சொல்லும் நஞ்சில்லாப் பாம்பு அது. இந்தியப் பாம்புகளைப் பற்றி முதற்பெருநூல் எழுதிய பாட்ரிக் ரசல் 1801இல் அதனை ஜானின் பெயரால் பதிவு செய்தார். பிற்காலத்தில் பொய்ம்மருந்துக்கும் புதையல் நம்பிக்கைக்கும் இரையாகிக் கடத்தப்பட்டு வரும் உயிர் அது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பெயர்களுக்கு நடுவே பெயரில்லாத ஒரு கூட்டம் நிற்கிறது. வலை வீசியவர், சேற்றில் இறங்கி ஆரலைத் துழாவியவர், இது கொரவை, இது விரால் என்று பிரித்துச் சொன்னவர் எல்லாரும் தமிழர், கடற்கரை மக்கள். மீன் வகைகளைப் பகுத்தறியும் கல்வி ஜானுக்கு ஹாலேயில் கிட்டியதன்று, அம்மக்களிடமே கிட்டியது. அவர்களுள் ஒருவர் பெயரையேனும் எந்த மீனும் சுமக்கவில்லை. அவர்களுடைய சொல்லை மட்டும் சுமக்கிறது. ஜான் அச்சொல்லை எழுதி வைக்காதிருந்தால் அதுவும் எஞ்சியிராது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சமயப் பணிக்கென்று வந்தவர் சங்கு பொறுக்கலாமா என்னும் குற்றச்சாட்டு ஜான் மீது நெடுங்காலம் நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடித் திருப்பணி தளர்ந்தது. மதம் மாறியோர் தொகை குறைந்தது. அதற்குக் காரணம் தேடிய திருச்சபை வரலாற்றாசிரியர் சிலர், ஐயர்மார் மறைநூலை விட்டு மீனையும் செடியையும் நாடியதைச் சுட்டினர். அவர் காலத்தில் ஐரோப்பாவில் பரவிய பகுத்தறிவுக் கோட்பாடு அவரையும் பற்றியது என்றனர். அக்குற்றச்சாட்டு முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்லிவிட இயலாது. ஜானின் நோக்கு மாறியதும், மக்களைச் சமயம் மாற்றுவதைவிடக் கற்பிப்பதே முதன்மையானது என்று அவர் கருதத் தலைப்பட்டதும் உண்மை. ஆனால் அவருக்கு முன் ஐரோப்பாவில் நிலவிய தமிழகச் சித்திரத்தையும் அவர் விட்டுச்சென்ற சித்திரத்தையும் ஒப்பிடுவோர், எது இழப்பு எது பேறு என்பதில் அவ்வரலாற்றாசிரியரோடு உடன்பட மாட்டார்.

அதற்குச் சான்று ஔவை. கல்கத்தாவில் ஆசியக் கழகம் வெளியிட்டுவந்த ஆய்வேட்டின் ஏழாம் தொகுதியில் ஔவையாரின் வரலாற்றையும் நூல்களையும் பற்றி ஜான் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கல்வியொழுக்கம் ஆகியவற்றின் மொழிபெயர்ப்பை அவர் அதில் தந்தார். எல்லிசு திருக்குறளுக்கு எழுதிய உரை அப்போது இல்லை; போப்பையர் பிறக்கவுமில்லை. தமிழில் பெண்பாற் புலவர் ஒருவர் இருந்தார், ஒரு நாட்டின் குழந்தைகள் அனைவரும் அவருடைய சொல்லைக் கொண்டே எழுத்தறிகின்றனர் என்னும் செய்தி ஆங்கிலம் அறிந்த உலகுக்கு அதற்கு முன் எட்டியதில்லை என்றே கொள்ளலாம். மொழிபெயர்ப்பில் பிழைகள் உண்டு. ஓரடிச் செறிவை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்ற எவர்க்கும் நேரும் நீட்சியும் உண்டு. ஔவையாரின் காலம் பற்றியும் வாழ்வு பற்றியும் செவிவழிக் கதைகளையே அவர் நம்பினார். ஔவையர் பலர் என்னும் தெளிவு தமிழாராய்ச்சியில் பின்னரே வந்தது. ஆயினும் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் தேய எழுதிய சிறுவர்களின் பாடத்தை இகழாமல், அதனை உலக அறிஞர் அவைக்கு எடுத்துச் சென்ற நெஞ்சம் போற்றத் தக்கது. மீனுக்குச் செய்ததையே அவர் ஔவைக்கும் செய்தார். எளிய மக்கள் வாயில் வழங்கியதைக் கெடாமல் காத்துத் தொலைவுக்கு அனுப்பினார்.

இறுதி ஆண்டுகள் கடினமானவை. ஐரோப்பியப் போர்களின் விளைவாக ஆங்கிலேயர் 1801இல் ஒருமுறையும், 1808இல் மறுமுறையும் தரங்கம்பாடியைக் கைப்பற்றினர். தென்மார்க்கிலிருந்து வரவேண்டிய பணம் நின்றது. அத்தகைய காலத்தில்தான் ஜான் சுற்றுவட்டச் சிற்றூர்களில் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். பதினைந்து தமிழ்ப் பள்ளிகள், தமிழும் ஆங்கிலமும் கற்பித்தவை ஐந்து, ஆக இருபது பள்ளிகளில் ஈராண்டுக் காலம் நடத்திய முயற்சியைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1813இல் இலண்டனில் அச்சாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் தரங்கம்பாடியில் காலமானார். அகவை அறுபத்தாறு. பள்ளிகளின் பொறுப்பை இலண்டன் திருச்சபைச் சங்கமொன்று ஏற்றுக்கொண்டது. 1845இல் ஊரையே தானியர் ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டனர்.

மீன்களின் வரலாறு அத்துடன் முடியவில்லை. புளோக்கின் தொகுப்பைப் பிரசிய அரசு வாங்கியது. அது பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. இரு உலகப் போர்களையும் குண்டுவீச்சையும் கடந்து ஏறத்தாழ எண்ணூறு மீன்கள் எஞ்சியுள்ளன. ஜான் அனுப்பியவையும் அவற்றுள் உண்டு. ஒரு பெயரைப் பற்றி ஐயம் எழுமாயின், முதன்முதல் அப்பெயர் எந்த உடலுக்கு இடப்பட்டதோ அவ்வுடலையே எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது விலங்கியலார் மரபு. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த உ. வே. சாமிநாதையரின் முறைக்கும் அதற்கும் வேறுபாடு மிகுதியன்று. ஹாலேயின் பழைய கூடமும் 1995இல் முன்னைய வடிவிலேயே செப்பனிடப்பெற்றுப் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

நம் பக்கத்திலோ இத்தகைய சேமிப்பு மிகப் பிந்தியே வந்தது. சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது 1929இல்; பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆய்வு அதற்குப் பல்லாண்டு கழித்தே நிலைபெற்றது. கடலூரில் அரசு அருங்காட்சியகம் அமைந்தது 1989இல்தான். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி மூன்றையும் ஒரே காலையில் தாக்கியது. கடலோரக் குடும்பங்கள் பல, முதியோரோடும் அவர்கள் அறிந்திருந்த மீன்பெயர்களோடும் அன்று மறைந்தன. வெள்ளாற்று முகத்தில் இன்று மாணவர்கள் வலையிலிருந்து பிரித்தெடுக்கும் கத்தாளைக்கு இலத்தீன் பெயர் நூலிலேயே இருக்கிறது. அதன் உள்ளூர்ப் பெயர் என்ன என்பதை, ஜான் கேட்டது போலவே, படகிலிருந்து இறங்கியவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.